கடைமடையில் எங்கள் வயல் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர்? ஒவ்வொரு வரைபடமும் ஒவ்வொரு விடை சொல்கிறது

#1 அடப்பாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நாகப்பட்டினம் மாவட்டம். அரிச்சந்திரா நதிக்கும் அடப்பாற்றுக்கும் நடுவில் ஒரு கடைமடைக் கிராமம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வயலில் நிற்கும் தண்ணீர் இறங்க எட்டு நாள், பத்து நாள் ஆகிறது. சம்பா நட்டுப் பயிர் ஒரு முழம்கூட வந்திருக்காது, அதற்குள் அழுகிவிடும். வடிகாலைத் தூர் வாரினால் போதும் என்று ஒரு தரப்பு. சாலையை உயர்த்திப் போட்டதுதான் காரணம் என்று இன்னொரு தரப்பு. கடல் ஏறி வருகிறது, இனி எதுவும் நடக்காது என்று பெரியவர்கள் சிலர். கிராம சபையில் மூன்று வருடமாக இதே பேச்சு. ஆனால் ஒருவர் கையிலும் மட்டக் கணக்கு இல்லை.

எனக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஓரளவு தெரியும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளை இறக்கி எங்கள் நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எஸ்ஆர்டிஎம் வயலுக்கு 4 மீட்டர் என்கிறது, பக்கத்திலேயே இருக்கும் தோப்புக்கு 9 மீட்டர். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவில் வயல் 2.3, தோப்பு 7.8. வயலிலிருந்து தோப்புக்கு நான் செருப்பைக் கழற்றாமல் ஒரு வரப்பைத் தாண்டிப் போவேன். நடுவில் ஐந்து மீட்டர் மேடு எதுவும் கிடையாது.

பக்கத்து ஊர் ரயில்வே ஸ்டேஷனின் மஞ்சள் போர்டில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, அதனோடு ஒப்பிட்டேன். அது இந்த இரண்டோடும் ஒத்துவரவில்லை.

எதை நம்புவது? கிராம சபையில் எதைக் காட்டுவது?

#2 ராஸ்டர் ரவி

ஃபேப்டெம் என்ற உயரத் தரவைப் போட்டுப் பாருங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் வெளியிட்டது. கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணினி கற்றல் முறையில் கழித்திருக்கிறார்கள். வணிகப் பயன்பாடு இல்லை என்றால் இலவசம்.

#3 புள்ளிமேகம்

ரவி சொன்ன திசை சரி. ஆனால் எதற்காகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். ஏழு வருடமாக லைடார், அதாவது விமானத்திலிருந்து லேசரால் அளந்த புள்ளிகளைத் தரம் பிரிப்பதுதான் என் வேலை. இந்த ஒரு குழப்பத்தால் வீணான வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் எடுத்தது. கலத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் இரண்டாவது ஆன்டெனாவை வைத்தார்கள். இரண்டு ஆன்டெனாவுக்கும் வந்த அலையின் வித்தியாசத்தில் உயரம் கணக்கானது. உலகத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு ஒரே சீரான உயர வரைபடம் அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரேடார் அலை தென்னந்தோப்புக்குள் புகுந்து மண் வரை போய்த் திரும்பவில்லை. மட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்திலிருந்து திரும்பியது. தவிர, மதிப்புகள் முழு மீட்டரில் மட்டுமே இருக்கும். 4 என்றால் அடுத்தது 5 தான். ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்காத உங்கள் ஊரில் இதை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லவே முடியாது.

கோப்பர்நிக்கஸ் தரவு ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள் ஜோடி 2011 முதல் 2015 வரை எடுத்ததிலிருந்து வந்தது. பழையதைவிட மிகத் துல்லியம், தசம எண்ணும் உண்டு. ஆனால் அதுவும் மேற்பரப்பு மாதிரிதான். மரம் இருந்தால் மரம், ஓட்டு வீடு இருந்தால் ஓடு.

இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் தோப்பு 2018-க்கு முன்னால் எப்படி இருந்தது?

#4 அடப்பாற்றங்கரை

அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் அந்தத் தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லை. அப்பா வைத்த மரங்கள், எல்லாம் முப்பது வயதைத் தாண்டியவை. இப்போது அங்கே இருப்பது இடுப்புக்கு மேல் வளர்ந்த கன்றுகள்தான். அப்படியானால் வரைபடத்தில் நான் பார்க்கிற அந்த ஐந்து மீட்டர் மேடு...

#5 புள்ளிமேகம்

ஆமாம் தம்பி. அது உங்கள் அப்பாவின் தென்னைகள். எஸ்ஆர்டிஎம்மிலும் கோப்பர்நிக்கஸிலும் இன்னும் நிற்கின்றன.

இந்தச் சிக்கலின் அளவு உலக அளவில் எப்படி என்று 2019-ல் கல்ப், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே உள்ள நிலத்தில் வாழ்பவர்கள் எஸ்ஆர்டிஎம் கணக்கில் சுமார் 2.8 கோடிப் பேர். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் திருத்தினால் சுமார் 11 கோடி. கூரைகளையும் கிளைகளையும் தரை என்று நினைத்துக்கொண்டிருந்ததால் எட்டுக் கோடிப் பேர் கணக்கிலேயே வராமல் இருந்தார்கள்.

ஃபேப்டெம் பாருங்கள். கூடவே டெல்டாடிடிஎம் என்று ஒன்று இருக்கிறது, 2024-ல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்டது. கடலோரத்தில் 10 மீட்டர் உயரம் வரையிலான நிலத்துக்கு மட்டும் செய்தது. கோப்பர்நிக்கஸை எடுத்துக்கொண்டு, விண்ணிலிருந்து லேசர் அடிக்கும் ஐஸ்சாட்-2, ஜெடி இரண்டின் தரை அளவுகளால் திருத்தியிருக்கிறார்கள். சராசரிப் பிழை சுமார் 45 செ.மீ. இலவசத்தில் உங்கள் ஊருக்கு இதைவிட நல்லது இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் 45 செ.மீ. என்பது உங்கள் வரப்பைவிட உயரம். அதையும் மனதில் வையுங்கள்.

#6 ட்ரோன்_புதுமுகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். ஒரு நிறுவனம் எங்கள் பண்ணையை ட்ரோனில் அளந்து கொடுத்தது. ஃபைலைத் திறந்தால் எல்லா இடமும் மைனஸ் 88, மைனஸ் 87 என்று இருக்கிறது. கடலுக்கு 88 மீட்டர் கீழேயா இருக்கிறோம்? கேட்டால் 'மிஷின் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டார்கள்.

#7 பழைய லெவல்காரர்

மிஷின் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. கொடுத்தவர்கள் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் கொடுப்பது நீள்வட்டக் கோளத்துக்கு மேலான உயரம். பூமியைக் கணக்குக்காக மழமழவென்று வழித்து எடுத்த உருவம் அது. கடல் மட்டம் அந்த உருவத்தோடு ஒட்டி இருக்காது. புவியீர்ப்பு எங்கே பலவீனமோ அங்கே கீழே தாழ்ந்து இருக்கும். உலகத்திலேயே அதிகமாகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் பள்ளம். நம் சோழமண்டலக் கடற்கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. ஆகவே இங்கே கடற்கரை மணலில் நின்று ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் எண்பது, தொண்ணூறு மீட்டர் மைனஸில்தான் காட்டும். கடல் மட்டம் எங்கே எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும் ஜியாய்டு மாதிரியை வைத்துத் திருத்தினால் உங்கள் மைனஸ் 88 இரண்டு மூன்று மீட்டராக வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவிலோ ஐரோப்பாவிலோ எழுதிய பாடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நம் ஊருக்கு வந்து முதலில் தடுமாறுவது இங்கேதான்.

அடப்பாற்றங்கரை தம்பிக்கு: நான் நில அளவைப் பணியில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டேஷன் போர்டைப் பார்க்கத் தோன்றியது நல்ல யோசனை. ஆனால் அதை அடிப்படையாக வைக்காதீர்கள். மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்கும்போது மண்ணைக் கொட்டி உயர்த்துவார்கள். போர்டில் பழைய எண்ணே தொடர்ந்தாலும் தொடரும். அதற்குப் பதில் பழைய ரெகுலேட்டர் (ஆற்று மதகு), பழைய பாலம், இவற்றின் இறக்கைச் சுவரில் தேடுங்கள். கல்லில் செதுக்கிய பெஞ்ச் மார்க், அதாவது உயரம் அளந்து வைத்த குறி இருக்கும். பக்கத்தில் ஆர்.எல். என்று போட்டு ஓர் எண், கடல் மட்டத்திலிருந்து அந்தக் குறியின் உயரம். அது அடியில் இருக்கலாம், மீட்டரில் இருக்கலாம், பார்த்து எடுக்க வேண்டும்.

இந்த எண்ணுக்கெல்லாம் மூலம் எங்கே தெரியுமா? 1909-ல் இந்தியாவின் முதல் மட்ட வலையை (இப்படி உயரம் அளந்த குறிகளின் வலை) கணக்குத் தீர்த்தபோது ஒன்பது துறைமுகங்களின் ஓத அளவுகளைப் பூஜ்யமாக வைத்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயிண்ட். நாடு முழுவதும் 'கடல் மட்டத்துக்கு மேல்' என்று எழுதிய எண்ணில் உங்கள் நாகப்பட்டினத்துக் கடலும் ஒரு பங்கு.

#8 ரோட்டர்டாம்வாசி

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னார்குடிக்காரன், பதினொரு வருடமாக நெதர்லாந்தில் நீர்வளத் துறையில் வேலை. இங்கே நாட்டின் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. நியூவெர்கெர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலுக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கும் நிலத்தில் மாடு மேய்கிறது, மக்கள் குடியிருக்கிறார்கள்.

இவர்கள் 1996 வாக்கிலேயே நாடு முழுவதையும் விமானத்திலிருந்து லேசரால் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தரவுக்கு ஏஹெச்என் என்று பெயர். முதல் சுற்றில் பல இடங்களில் 16 சதுர மீட்டருக்கு ஒரு புள்ளிதான். 2007 முதல் 2012 வரை நடந்த இரண்டாம் சுற்றில் ஒரு சதுர மீட்டருக்கே ஆறு முதல் பத்துப் புள்ளிகள். நான்காம் சுற்று 2020 முதல் 2022 வரை, அதில் இன்னும் அடர்த்தி.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி. எஸ்ஆர்டிஎம்மின் ஒரு கட்டம் ஒரு மாவில் (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவு நிலத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். இங்கே அதே ஒரு மாவுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றும் சில செ.மீ. பிழைக்குள். அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்தபடியே யாரோ ஒரு விவசாயியின் வயல் ஓரத்துச் சிறு ஓடையின் இரண்டு கரையையும் தனித்தனியாக என்னால் பார்க்க முடிகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் வெண்ணாற்றுப் பாசனப் பகுதிதான் நினைவுக்கு வந்தது. அன்று வேலை ஓடவில்லை.

இரண்டு விஷயம் நாம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, இவர்கள் பறப்பது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள், மரத்தில் இலை இல்லாத காலம். இரண்டாவது, லேசர் மட்டும் இல்லை. நாடு முழுவதும் கட்டடச் சுவர்களிலும் பாலங்களிலும் சுமார் 35,000 வெண்கல ஆணிகள் அடித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் ஆம்ஸ்டர்டாம் மட்டத்திலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பெரியவர் சொன்ன ரெகுலேட்டர் கல் மாதிரிதான். அந்த ஆணிகள் இல்லாவிட்டால் லேசர் எவ்வளவு துல்லியமாக இருந்தும் எதிலிருந்து அளக்கிறோம் என்பது தெரியாமல் போயிருக்கும்.

#9 அடப்பாற்றங்கரை

அண்ணா, படித்துவிட்டு ஏக்கமாக இருக்கிறது. புள்ளிமேகம் அக்கா, இங்கே விமானத்தில் அளந்தால் எங்கள் வரப்பு, வாய்க்கால் எல்லாம் தெரியுமா? நெல் நின்றால்?

#10 புள்ளிமேகம்

தெரியும். ஆனால் எந்த மாதம் பறக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் விமானத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கீழே லேசர் துடிப்பு போகிறது, பட்டுத் திரும்புகிறது. 1000 மீட்டர் உயரத்திலிருந்து போய்வர ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏழு பங்குகூட முழுதாக ஆகாது. அந்த நேரத்தை ஒரு நானோ நொடி தப்பாக அளந்தாலே உயரம் 15 செ.மீ. தப்பிவிடும். விமானம் ஆடும், சாயும். சாய்வை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு தவறாகக் குறித்தால் புள்ளி கீழே 17 செ.மீ. தள்ளி விழும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துப் பறப்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பறந்து, அந்தப் பொதுப் பகுதியை வைத்து இரண்டையும் பொருத்துகிறோம். பெரிய கோயில் முன்வெளி, பள்ளி மைதானம், ஸ்டேஷன் நடைமேடை மாதிரித் தட்டையான இடங்களில் தரையில் போய் அளந்து சரிபார்க்கிறோம்.

ஒரு துடிப்பு மரத்தில் பட்டால் கொஞ்சம் மட்டையில் திரும்பும், கொஞ்சம் இடைவெளியில் புகுந்து கீழே போய் மண்ணில் திரும்பும். ஒரே துடிப்புக்கு மூன்று நான்கு பதில். கடைசிப் பதில் பெரும்பாலும் தரை. தென்னந்தோப்பு லேசருக்கு நல்ல இடம், நிறைய இடைவெளி உண்டு. சீமைக் கருவேலம் மண்டிய ஏரிப் படுகை அப்படியில்லை. அங்கே சதுர மீட்டருக்கு நிறையப் புள்ளி அடித்தால்தான் ஒன்றிரண்டு மண்ணைத் தொடும்.

நெல் இருக்கிறதே, அது இன்னும் மோசம். தூர் கட்டிய சம்பாப் பயிருக்குள் லேசர் புகாது. பயிரின் உச்சி ஒரே மட்டமாக வழவழவென்று இருப்பதால் மென்பொருள் அதையே தரை என்று எடுத்துக்கொள்ளும். மரமாக இருந்தால் பிழை கண்ணுக்குத் தெரியும். நெல்லில் ஒருவருக்கும் சந்தேகமே வராது. வயல் முக்கால் மீட்டர் உயர்ந்துவிடும், வரப்பு காணாமல் போய்விடும். ஒரு திட்டத்தில் இப்படி வந்த தரவைக் கையால் திருத்தப் பார்த்து நான்கு மாதம் போராடினோம். கடைசியில் அந்தப் பகுதியை மறுபடியும் பறந்தார்கள்.

அப்புறம் தண்ணீர். வழக்கமான லேசரின் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். குளம் இருக்கிற இடத்தில் வெறும் ஓட்டை இருக்கும். நீருக்கு அடியில் பார்க்கப் பச்சை லேசர் வேண்டும், அதற்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். நம் ஆற்றுக் கலங்கலில் அது அதிக தூரம் போகாது.

ஆகவே உங்கள் பக்கம் பறக்க ஏற்ற காலம் சித்திரைக் கடைசி, வைகாசி. சம்பா அறுத்து, அதில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், அதற்கு முன்னால் வாய்க்கால் காய்ந்திருப்பதால் படுகையே நேராக அளவில் வரும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கடைசியில் ஒன்று பாக்கி. சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம் மேலிருந்து பார்க்கும் லேசருக்குத் தெரியாது. மாதிரியில் சாலை ஓர் அணையாக நிற்கும், கணினி தண்ணீரை அங்கேயே தேக்கிவிடும். டென்மார்க்கில் தேசிய உயர மாதிரியோடு இதற்கென்றே திருத்தக் கோடுகளைத் தனியாக வரைந்து வெளியிடுகிறார்கள், எங்கெங்கே அடியில் தண்ணீர் போகிறது என்று. நம் ஊரில் அதை ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும்.

#11 வரப்பு

நான் ஒரு விவசாயி. மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் லேசர் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் ஏறும், எது கடைசியில் வடியும் என்று மடை திறக்கும் ஆளைக் கேட்டால் இருட்டில்கூடச் சொல்வார். உங்களுக்குத் தேவையான மட்டம் அவர் காலில் இருக்கிறது. அந்த அறிவை எந்த வரைபடத்தில் சேர்க்கிறீர்கள்?

#12 பழைய லெவல்காரர்

நீங்கள் சொன்னது முழு உண்மை. நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் எனக்கு மட்டம் சொல்லிக்கொடுத்ததே மடை திறக்கும் நீர்க்கட்டி ஒருவர்தான், படிக்காதவர்.

அந்த அறிவை எண்ணாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. வெள்ளம் வந்து காற்றில்லாமல் நிற்கும் நாளில், நிற்கிற தண்ணீரின் மேல்மட்டம் முழுக்க ஒரே உயரம். அன்றைக்கு ஒரே மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் போய் மின்கம்பம், கோயில் சுவர், மோட்டார் கொட்டகை, பாலத்துக் கைப்பிடி என்று இருபது இடத்தில் தண்ணீர் தொடும் கோட்டைப் பெயின்ட்டால் குறியுங்கள். அந்த இருபது குறியும் ஒரே ஆர்.எல். அப்புறம் வேனிலில் ஒவ்வொரு குறியிலிருந்தும் பக்கத்து வயலின் மண் வரைக்கும் டேப்பைப் பிடித்தால் இருபது வயலின் மட்டமும் கையில். கொத்தனார் டியூப் லெவலில் செய்வதைத்தான் ஊர் அளவுக்குச் செய்கிறோம். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இது செல்லாது, நின்றால் மட்டும்தான்.

#13 ராஸ்டர் ரவி

இதோடு சென்டினல்-1 செயற்கைக்கோள் படத்தையும் சேர்க்கலாம். ரேடார் என்பதால் மேகமூட்டத்திலும் வெள்ளத்தின் விளிம்பு தெரியும். அந்த விளிம்பே ஒரு சம உயரக் கோடு. நட்ட புதிதில் எல்லா வயலும் தண்ணீராகத்தான் தெரியும், அங்கே பிரித்தறிவது கஷ்டம். பயிர் முழுகிய நாட்களின் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

#14 ட்ரோன்_புதுமுகம்

ஜியாய்டு திருத்தம் போட்டேன். 2.1 வந்தது. பெரியவருக்கு மிக்க நன்றி ஐயா.

இன்னொரு சந்தேகம். இவ்வளவு துல்லியமான தரவை நாமே எடுத்து வெளியிடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

#15 புள்ளிமேகம்

2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் முன்பு போல முன் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்று ஒரு வரம்பு உண்டு. அதைவிட நுட்பமான தரவை இந்தியர்கள்தான் எடுக்கலாம், இந்தியாவிலேயே சேமித்து வைக்க வேண்டும். சில இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ட்ரோன் பறக்க ட்ரோன் விதிகள் தனி.

2022 டிசம்பரில் வெளியான தேசிய புவியிடக் கொள்கை 2030-க்குள் சமவெளிக்கு 25 செ.மீ. துல்லியத்தில் உயர மாதிரி வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அது காவிரிக் கடைமடைக்கு முதலில் வர வேண்டும் என்பது என் ஆசை. மலைப்பகுதியில் ஒரு மீட்டர் பிழை வந்தால் தாங்கும். இங்கே ஒரு மீட்டர் என்பது ஒரு தாலுகா.

#16 அடப்பாற்றங்கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

பெரியவர் சொன்னபடி பெஞ்ச் மார்க் தேடினோம். மூன்றாவது நாள், பழைய ரெகுலேட்டரின் இறக்கைச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடைத்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் அம்புக்குறி, கீழே ஆர்.எல். 7.42. முதலில் மீட்டர் என்று நினைத்துத் திகைத்துப் போனேன். பழைய பதிவேட்டில் பார்த்தால் அடி. ஆக 2.26 மீட்டர்.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை ஏற்பாடு செய்தான். ரெகுலேட்டரிலிருந்து எங்கள் வயல் வரை 4.2 கிலோமீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஒரு தடவை ஸ்டாஃப் (எண் குறித்த அளவுகோல்) பிடித்து, பின்பார்வை, முன்பார்வை இரண்டையும் சமதூரத்தில் வைத்துப் போய், அதே வழியில் திரும்பி வந்தோம். இரண்டரை நாள் ஆனது. பத்து மணிக்கு மேல் வெயிலில் ஸ்டாஃபின் எண்கள் கானலில் நெளிய ஆரம்பித்துவிடும், படிக்கவே முடியாது. அதனால் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும். திரும்பி வந்து ரெகுலேட்டர் கல்லில் முடித்தபோது வித்தியாசம் 38 மி.மீ. 24-ஐ மொத்தக் கிலோமீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 69 வரை இருக்கலாம் என்று தம்பியின் பாடப்புத்தகம் சொல்கிறது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இனி எண்கள். தோப்பின் மண் 1.71. வயலின் தாழ்ந்த மூலை 1.22. டெல்டாடிடிஎம் தோப்புக்கு 1.9, வயலுக்கு 1.5 கொடுத்திருந்தது. ஃபேப்டெம் தோப்புக்கு 2.9. அக்கா சொன்ன மாதிரியே டெல்டாடிடிஎம்தான் கிட்டே வந்தது.

ஆனால் நாங்கள் தேடிய பதில் இந்த எண்களில் இல்லை. வடிகாலில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் படுகையை அளந்துகொண்டே போனோம். எங்கள் பக்கம் வடிகாலின் படுகை 0.64. அங்கிருந்து முந்நூறு மீட்டர் கீழே, சாலைக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலத்தின் குழாய் அடிமட்டம் 0.93. தண்ணீர் 29 செ.மீ. மேலே ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் தூர் வாரியதெல்லாம் குழாய்க்கு இந்தப் பக்கம் பள்ளத்தை ஆழமாக்கியதுதான்.

குழாயின் வாய்க்குள் தம்பி ஸ்டாஃபை வைத்து நின்றான். நான் லெவலில் பார்த்து எண்ணை எழுதினேன். நம்பிக்கை வராமல் மூன்று தடவை படித்தேன். சுற்றி நின்ற ஆட்கள் யாரும் பேசவில்லை.

#17 வரப்பு

எங்கள் ஊரிலும் அதே மாதிரி ஒரு குழாய் இருக்கிறது. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். ஆட்டோ லெவல் வாடகைக்கு எங்கே எடுத்தீர்கள்?

#18 ரோட்டர்டாம்வாசி

தம்பி, அபாரம். அந்தக் குழாய் எந்த விமான லேசரிலும் வந்திருக்காது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாயைத் தாழ்த்திப் போட்டாலும் கீழே முகத்துவாரம் வரை மட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்காள விரிகுடாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலின் சராசரி மட்டமே கோடையைவிட ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதன் மேல் ஓதம் வேறு. உங்கள் வயலுக்கு வடிய வேண்டிய நேரமும் கடல் ஏறி நிற்கும் நேரமும் ஒன்று. 1909-ன் பூஜ்யம் வேறு, இன்றைய கார்த்திகைக் கடல் வேறு. வயல் 1.22 என்று வைத்துக்கொண்டு கடல் வரை ஒரு கோடு இழுத்தால் உங்களுக்குக் கிடைப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னச் சரிவு.

#19 அடப்பாற்றங்கரை

அதுதான் அடுத்த வேலை அண்ணா. குழாயிலிருந்து முகத்துவாரம் வரை இன்னும் பதினோரு கிலோமீட்டர். ஐஸ்சாட்-2 கடந்து போன தடங்கள் வடிகாலை இரண்டு இடத்தில் வெட்டுகின்றன. அங்கே எங்கள் லெவலையும் அதையும் ஒப்பிடலாம் என்று ரவி தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். இதுவரை எடுத்த 61 புள்ளிகளையும் ஒரே ஷீட்டில் போட்டு எல்லோருக்கும் திறந்து வைக்கப்போகிறேன். கிராம சபையில் காட்ட அந்தக் குழாயின் குறுக்குவெட்டை ஒரு சார்ட்டில் கையால் வரைந்திருக்கிறேன்.

#20 பழைய லெவல்காரர்

பதினோரு கிலோமீட்டருக்கு இரண்டு பேர் போதாது. நடுவில் மூன்று இடத்தில் தற்காலிக பெஞ்ச் மார்க் வைத்துப் பிரித்துச் செய்யுங்கள். பிழை வந்தால் எந்தப் பகுதியில் என்று தெரியும். பாலத்துக் கல்லில் வையுங்கள், மரத்து வேரில் வேண்டாம்.

என்னிடம் ஐந்து மீட்டர் அலுமினிய ஸ்டாஃப் ஒன்று பரணில் கிடக்கிறது. வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆறு மணிக்கெல்லாம் குழாயடியில் நின்றால் பத்துக்குள் மூன்று கிலோமீட்டர் முடிக்கலாம். குடிதண்ணீரும் ஒரு குடையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. குடை எனக்கு இல்லை, லெவலுக்கு.